நெருக்கடியில் பிழைக்கும் மரபணுக்கள்

நம் அன்றாடப் பேச்சில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மனத்தையே குறிக்கிறது. தேர்வு, கடன், வேலைப்பளு என எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதனால்தான், 'நெருக்கடியைத் தாங்க உதவும் மரபணு மூளைக் கட்டியில் கண்டறியப்பட்டது' என்பது போன்ற செய்திகள் வரும்போது, கவலைப்படுவதால் மூளையில் கட்டி வருகிறது என்று நன்கு படித்தவர்கள்கூடப் பொருள் கொண்டுவிடுகின்றனர். அந்தச் செய்தி பேசுவது மனிதரின் மன அழுத்தத்தைப் பற்றியன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு, உணவும் காற்றும் இல்லாத இடத்தில் என்ன செய்து பிழைக்கிறது என்பதைப் பற்றியது.

உயிரியலுக்குள் இந்தச் சிந்தனை வந்த வரலாறு சுவையானது. 1936-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என எதற்கு உள்ளாக்கினாலும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே விதமாக எதிர்வினை காட்டுகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் அதுவே 'ஸ்ட்ரெஸ்' எனப் பெயர் பெற்றது. கால் நூற்றாண்டு கழித்து, இத்தாலியைச் சேர்ந்த ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற மரபியலாளர் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றை வைத்திருந்த காப்பறையின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட, ஈயின் குரோமோசோம்களில் சில இடங்கள் மட்டும் புடைத்துக்கொண்டன. வெப்பம் தாக்கியதும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலை தொடங்குகின்றன என்பதற்கு அதுவே முதல் சான்று. 1962-இல் அதை அவர் வெளியிட்டபோது பெரிதாகப் பொருட்படுத்தியவர் சிலரே. ஆனால், பாக்டீரியா முதல் மனிதன் வரை எல்லா உயிர்களிலும் இத்தகைய அவசரகால மரபணுக்கள் உள்ளன என்பது பிறகு தெரிய வந்தது. புற்றுநோய் இவற்றைப் புதிதாக உருவாக்குவதில்லை. நம்மிடம் இருப்பதையே எடுத்துக்கொள்கிறது.

மூளையில் தோன்றும் கொடிய கட்டிகளுள் முதன்மையானது கிளையோபிளாஸ்டோமா. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இது வருகிறது. கண்டறியப்படும்போது நோயாளியின் வயது பெரும்பாலும் அறுபதைக் கடந்திருக்கும். இக்கட்டி மூளைத் திசுவுக்குள் வேர்விட்டதுபோல் பரவுவதால், அறுவை சிகிச்சை நிபுணர் எவ்வளவு வல்லவராயினும் முழுவதையும் அகற்ற இயலாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் வேதிப்பொருள்கள் நுழையாமல் தடுக்கும் இயற்கை அரண், பெரும்பாலான மருந்துகளையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்தக் கட்டியின் உள்ளே வாழ்வது எளிதன்று. மிக வேகமாக வளர்வதால் அதற்கேற்ற ரத்தக் குழாய்கள் அமைவதில்லை. அமைபவையும் கோணல்மாணலாக, கசிவுடன் இருக்கும். நடுப்பகுதியில் ஆக்சிஜனும் சர்க்கரையும் கிடைக்காமல் உயிரணுக்கள் மடிகின்றன. அந்த மரண மண்டலத்தைச் சுற்றி உயிருள்ள அணுக்கள் வேலி கட்டியதுபோல் வரிசையாக நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம். இந்நோயின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அதாவது, சிகிச்சை தொடங்கும் முன்பே இந்த அணுக்கள் பஞ்சத்தில் அடிபட்டுத் தேறியவை. மருத்துவர் தரும் கதிர்வீச்சும் மருந்தும் அவற்றுக்கு முதல் சோதனை அல்ல.

ஆக்சிஜன் குறைந்ததை உயிரணு எப்படி அறிகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகவே 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிரெக் செமென்சா, வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. எச்.ஐ.எஃப். என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போது உயிரணு அதை உற்பத்தி செய்கிறது. செய்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு வேலை நின்றுபோகும். புரதம் சேர்ந்து, உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று, சிக்கனமாக வாழ்வதற்கான மரபணுக்களையும் புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். உண்டாக்கி உடனே அழிப்பது பொருளியல் படித்த என் போன்றோருக்கு முதலில் வீண்செலவாகத் தோன்றும். ஆனால், தீ எரியாத நாளிலும் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம் அல்லவா? ஆபத்து வந்தபின் உற்பத்தியைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

குழாய்களை வரவழைக்கும் அந்தச் செய்தியை மறித்துவிட்டால் கட்டி பட்டினியில் மடியும் என்று ஒரு காலத்தில் பெரும் நம்பிக்கை இருந்தது. அந்த அடிப்படையில் உருவான பெவாசிஸுமாப் என்ற மருந்துக்கு, மீண்டும் தோன்றும் கிளையோபிளாஸ்டோமாவுக்காக 2009-இல் அமெரிக்க அரசு விரைவு ஒப்புதல் அளித்தது. புதிதாக நோய் கண்டவர்களிடம் நடத்தப்பட்ட இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. ஸ்கேன் படத்தில் கட்டி வளராமல் இருந்த காலம் நீண்டது. நோயாளிகள் உயிர் வாழ்ந்த காலம் நீளவில்லை. பஞ்சத்தைத் தாங்கப் பழகிய ஒன்றிடம் பஞ்சத்தையே ஆயுதமாக எடுத்ததன் விளைவு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மற்றொரு காப்பு ஏற்பாடும் உள்ளது. சர்க்கரையோ அமினோ அமிலமோ குறையும்போது, அல்லது தவறாக மடிந்த புரதங்கள் குவியும்போது, உயிரணு தன் புரத உற்பத்தியில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. அவ்வேளையிலும் ஏ.டி.எஃப்.4 உள்ளிட்ட சில புரதங்கள் மட்டும் கூடுதலாக உற்பத்தியாகும். அவை அவசரகால மரபணுக்களை இயக்கும். வருமானம் நின்ற குடும்பம் எல்லாச் செலவையும் நிறுத்திவிட்டு அரிசிக்கும் மருந்துக்கும் மட்டும் காசு ஒதுக்குவது போன்றது இது. ஆனால், இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு முகங்கள். நெருக்கடி குறுகிய காலத்தில் நீங்கினால் அது உயிரணுவைக் காக்கும்; நீங்காமல் தொடர்ந்தால் அதே பாதை உயிரணுவைத் தற்கொலைக்கு இட்டுச் செல்லும். எனவே இந்த ஏற்பாட்டைத் தடுத்தும் கட்டியைக் கொல்லலாம்; தாங்க முடியாத அளவுக்குத் தூண்டியும் கொல்லலாம். இரண்டாம் வழியில் மாரிசோமிப் என்ற மருந்து முயலப்பட்டது. உயிரணுவின் குப்பை அகற்றும் பொறியை நிறுத்தி, வீணான புரதங்களைக் குவியவிடுவது அதன் செயல். 749 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் அது ஆயுளைக் கூட்டவில்லை, பக்கவிளைவுகளைத்தான் கூட்டியது.

இத்தனை மரபணுக்களுக்கு இடையே, நோயாளியின் அறிக்கையில் பெயரோடு இடம்பெற்று, சிகிச்சை முடிவையே மாற்றக்கூடிய மரபணு ஒன்று உண்டு. அதன் பெயர் எம்.ஜி.எம்.டி. சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையின் திசுப் பரிசோதனை அறிக்கையை அனுப்பி, 'எம்.ஜி.எம்.டி. மெத்திலேற்றம் இல்லை' என்ற வரிக்கு என்ன பொருள் ஐயா என்று கேட்டார். நான் மருத்துவனல்லன், மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். ஆனால், மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொன்னதை அவரும் நானும் புரிந்துகொள்ளப் பல வாரங்கள் ஆயின. இந்நோய் குறித்த என் வாசிப்பு அப்படித் தொடங்கியதுதான்.

கிளையோபிளாஸ்டோமாவுக்கு இன்றைய அடிப்படை மருந்து டெமோசோலோமைடு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் உருவாக்கிய மாத்திரை இது. மூளையின் அரணைத் தாண்டும் ஆற்றல் இதற்கு உண்டு. இது உயிரணுவின் மரபுச் சங்கிலியில் உள்ள குவானின் என்ற எழுத்தில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுவை ஒட்டவைக்கிறது. ஒட்டியதும் எழுத்து மாறித் தெரிகிறது. அடுத்த முறை உயிரணு பிரியும்போது, அதற்கு எதிரே தவறான எழுத்து வந்து அமர்கிறது. பிழை திருத்தும் புரதங்கள் புதிய எழுத்தை வெட்டி எடுக்கின்றன. ஆனால் பழுது பழைய எழுத்தில் இருப்பதால் மீண்டும் தவறான எழுத்தே வருகிறது. வெட்டுவதும் ஒட்டுவதுமாகச் சங்கிலி இறுதியில் அறுந்துபோக, உயிரணு மடிகிறது.

எம்.ஜி.எம்.டி. புரதத்தின் வேலை, ஒட்டிய மெத்திலைப் பிடுங்கி எடுப்பது. அதைத் தன்மீதே ஏற்றுக்கொண்டு செயலிழந்து போகிறது. ஒரு பழுதுக்கு ஒரு புரதம், மறுமுறை பயன்படாது. இவ்வகைப் பழுது நீக்கத்தை முதலில் பாக்டீரியாவில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், 2015-இல் வேதியியல் நோபல் பெற்ற தாமஸ் லிண்டால். ஓர் உயிரணு எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பது, அதன் கிடங்கில் எத்தனை எம்.ஜி.எம்.டி. புரதங்கள் உள்ளன, எவ்வளவு வேகத்தில் புதியவை வருகின்றன என்பதைப் பொறுத்தது. முதலாண்டு மாணவருக்கு நான் கற்பித்த கையிருப்பு, வரத்துக் கணக்குதான்.

சில கட்டிகளில் இந்த மரபணுவின் தொடக்கப் பகுதியிலேயே மெத்தில் குழுக்கள் ஒட்டியிருக்கும். அவை பூட்டுப்போல் அமைந்து மரபணுவை முடக்கிவிடும், புரதம் உற்பத்தியாகாது. மருந்து ஒட்டவைக்கும் மெத்தில் வேறு, மரபணுவைப் பூட்டும் இந்த மெத்தில் வேறு. ஒரே பெயர் இரண்டு இடங்களில் வருவதால்தான் அறிக்கையைப் படிப்பவர்கள் குழம்புகிறார்கள். 'மெத்திலேற்றம் உண்டு' என்றால் கட்டியின் கேடயம் பூட்டப்பட்டுள்ளது என்று பொருள். நோயாளிக்கு அது நல்ல செய்தி. 'இல்லை' என்றால் கேடயம் கட்டியின் கையில் இருக்கிறது.

இதன் விளைவை 2005-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுரைகள் காட்டின. ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம்; டெமோசோலோமைடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். வேறுபாடு வெறும் இரண்டரை மாதம்தானே என்று தோன்றும். ஆனால், இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலாகவும் வாழ்ந்த புள்ளி மட்டுமே. இரண்டாண்டு கடந்தவர்களைப் பார்த்தால் முதல் குழுவில் 10.4 சதவீதம், இரண்டாம் குழுவில் 26.5 சதவீதம். அந்த உபரி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை மோனிகா ஹெகியின் ஆய்வுரை தெளிவாக்கியது. பரிசோதிக்க முடிந்த 206 கட்டிகளில் 45 சதவீதத்தில் எம்.ஜி.எம்.டி. பூட்டப்பட்டிருந்தது. அவர்களுள் மருந்தும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றோருக்கு 15.3. பூட்டப்படாதவர்களிடம் மருந்தால் கிடைத்த பலன் மிகச் சிறியது. சராசரியைப் பார்த்து ஊரின் வளத்தை மதிப்பிடக் கூடாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னவன் நான். பங்கீட்டைப் பார்க்க வேண்டும். மருத்துவத்திலும் அதே விதிதான்.

கிடங்கைக் காலிசெய்துவிட்டால் என்ன? இதையும் முயன்றார்கள். குறைந்த அளவில் நீண்ட நாள் மருந்து கொடுத்து எம்.ஜி.எம்.டி. கையிருப்பைத் தீர்த்துவிடலாம் என்று கருதி, 833 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2013-இல் வெளியான முடிவு: கூடுதல் பலன் இல்லை. இந்தப் புரதத்தையே முடக்கும் வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது வேறு சிக்கல் எழுந்தது. எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்களுக்கும் அதே புரதம்தான் காவல். அது போனதும் ரத்த அணுக்கள் சரிந்தன. டெமோசோலோமைடின் அளவையே வெகுவாகக் குறைக்க வேண்டியதாயிற்று. கட்டிக்கும் உடலுக்கும் கேடயம் பொது. இத்துறையின் பெரும்பாலான தோல்விகளுக்குப் பின்னால் இந்த ஒற்றைக் காரணத்தைக் காணலாம்.

சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தினர் இதற்கு ஒரு துணிச்சலான வழியைத் தேர்ந்தனர். முடக்கும் மருந்துக்குக் கட்டுப்படாதபடி மாற்றியமைத்த எம்.ஜி.எம்.டி. மரபணுவை, நோயாளியின் சொந்த ரத்த மூல உயிரணுக்களுக்குள் செலுத்தி உடலில் திருப்பி வைத்தனர். இப்போது மஜ்ஜையிடம் கேடயம் உண்டு, கட்டியிடம் இல்லை. 2012-இல் வெளியான முதல் அறிக்கையில் இடம்பெற்ற நோயாளிகள் மூவர் மட்டுமே. மூவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆயினும் எதிரியின் தந்திரத்தையே நம் பக்கம் திருப்பிய இந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கட்டியோ வேறு வழிகளையும் வைத்திருக்கிறது. டெமோசோலோமைடு வேலை செய்யப் பிழை திருத்தும் புரதங்கள் தேவை என்று மேலே பார்த்தோம். சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் சில கட்டிகளில், அந்தப் புரதங்களுக்கான மரபணுக்களுள் ஒன்று பழுதடைந்திருக்கும். பிழையைக் கவனிக்க ஆளில்லாததால் சங்கிலி அறுவதில்லை. ஆயிரக்கணக்கான பிழைகளைச் சுமந்தபடியே உயிரணு பெருகுகிறது. இங்கே பிழைப்புக்கு உதவுவது ஒரு மரபணு இருப்பதல்ல, இல்லாமற்போவது. 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் திரிந்த படிகளைச் சில கட்டிகள் குரோமோசோமுக்கு வெளியே சிறு வளையங்களாக வைத்துள்ளன. அதற்கு எதிரான மருந்து கொடுத்தால் அந்த வளையங்கள் குறைகின்றன; தாக்குவதற்கு இலக்கு இல்லை. மருந்தை நிறுத்தினால் அவை மீண்டும் பெருகுகின்றன. வரிச்சோதனை நடக்கும்போது கணக்குப் புத்தகத்தை ஒளித்துவைக்கும் வணிகரை நினைவூட்டினாலும், உயிரணுவுக்குத் திட்டமிடும் அறிவு கிடையாது. லட்சக்கணக்கான அணுக்களில் தற்செயலாகப் பொருத்தமாக இருந்தவை எஞ்சின. நாம் பார்ப்பது எஞ்சியவற்றை மட்டுமே.

ஒரே கட்டிக்குள் எல்லா அணுக்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 அணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு, ஒவ்வொரு கட்டியும் பலவகை அணுக்களின் கலவை என்று காட்டியது. ஆகவே, 'மூளைக் கட்டியைக் காக்கும் மரபணு கண்டுபிடிப்பு' என்ற தலைப்பைப் பார்க்கும்போது நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களிலா, எலியிலா, மனிதரிலா? அந்த மரபணு இல்லாமல் நலமான அணுக்கள் வாழுமா? அதைத் தடுக்கும் பொருள் மூளைக்குள் நுழையுமா? மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியை ஆய்வாளர்கள் மகிழ்ந்து படிக்கலாம். நோயாளியின் குடும்பம் அதை நம்பி வீட்டை அடகு வைக்கக் கூடாது.

எனினும், கையில் இருக்கும் அறிவைப் பயன்படுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது முதியோர் சிகிச்சை. வழக்கமான கதிர்வீச்சு ஆறு வாரம் நடைபெறும். வாரத்தில் ஐந்து நாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நார்டிக் நாடுகள் முன்னின்று நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எழுபதைக் கடந்தவர்களுக்கு அந்த ஆறு வாரச் சிகிச்சையைவிடக் குறுகிய காலக் கதிர்வீச்சோ, வெறும் டெமோசோலோமைடு மாத்திரையோ மேலானதாக இருந்தது. மாத்திரை பெற்றவர்களுள் எம்.ஜி.எம்.டி. பூட்டப்பட்டவர்களின் இடைநிலை ஆயுள் 9.7 மாதம், பூட்டப்படாதவர்களுக்கு 6.8 மாதம். அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று வாரக் கதிர்வீச்சோடு மாத்திரையும் பெற்றவர்களுள் பூட்டப்பட்டவர்கள் 13.5 மாதம் வாழ்ந்தனர்; கதிர்வீச்சு மட்டும் பெற்றிருந்தால் 7.7 மாதம்.

எழுபத்தைந்து வயதுத் தந்தையை அழைத்துக்கொண்டு, கதிர்வீச்சு வசதியுள்ள நகரில் அறை எடுத்துத் தங்கி, சம்பளமில்லா விடுப்பில் ஒன்றரை மாதம் கழிக்கும் குடும்பத்துக்கு இந்த எண்கள் வெறும் புள்ளிவிவரம் அல்ல. கேடயம் பூட்டப்பட்ட, உடல் தளர்ந்த முதியவர் ஒருவர், மருத்துவர் சம்மதித்தால், வீட்டில் இருந்தபடி மாத்திரையும் மாதாந்தர ரத்தப் பரிசோதனையுமாக அந்த மாதங்களைக் கழிக்க வாய்ப்புண்டு. பூட்டப்படாதவருக்கு அதே மாத்திரை மட்டும் போதாது. குறுகிய காலக் கதிர்வீச்சே அவருக்கு உகந்த வழியாக இருக்கலாம். இதை அறிய அறுவையின்போது எடுத்த திசு போதும். மறுபடி மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. அத்திசுவை மெழுகுக் கட்டியில் பதித்துப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். பரிசோதனை ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டதா, இல்லையெனில் அந்த மெழுகுக் கட்டியை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று குடும்பத்தினர் கேட்க வேண்டிய வேளை, கதிர்வீச்சுக்கு நாள் குறிப்பதற்கு முன்னதான அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான்.